மாமியின் குளிசைப் பேணி

ஆய்வுகூடத்து யன்னலுக்குப் பின்னால் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நரம்பு தேடவும் ஊசி போடவும் நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மிசின் முரண்டு பிடித்தால் யாருக்கு ரெலிபோன் எடுப்பது என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரேயொரு சொல்லைப் பற்றி. அது தாளில் அச்சாகி வரட்டும், அது மிசினின் பாடு. உங்கள் வாயிலிருந்து மட்டும் வரவேண்டாம்.

"நோமல்."

இந்தத் தொழிலில் அதைப்போல இனிப்பான சொல் வேறில்லை. சோளகக் காற்று மணலை அள்ளிக் கண்ணாடியில் அடிக்கிற பகலில், பஸ் மாறி பஸ் ஏறி வந்து மர வாங்குப் பலகையில் வியர்த்துக் கிடக்கும் சனத்துக்கு அந்த ஒரு சொல் போதும். முகம் விரியும். "ஆண்டவரே" என்பார்கள், "பிள்ளையாரே" என்பார்கள். சொன்னவளுக்கும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. ஏதோ தானே சுகப்படுத்தி அனுப்பிவிட்டதுபோல. அந்தக் குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டுத்தான் எங்கள் கவுண்டரில் இருந்த பிள்ளை அன்றைக்கு அதைச் சொன்னாள். நல்ல பிள்ளை. அவளில் எனக்குக் கோபமில்லை. எனக்குக் கோபம் வேறு பலதில். அதைக் கட்டிக்கொண்டுதான் ஓய்வுக்கு வயது வருமுன்னமே வேலையை விட்டேன். கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜெசிந்தா விடத்தல்தீவில் வாழ்க்கைப்பட்டவள். கடைசிச் சண்டையில் தாய் தகப்பனையும் வீட்டையும் ஒன்றாக இழந்தவள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பது. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். இவளுக்குக் கொடுக்க வீடும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை. அன்ரன் என்ற கடற்றொழிலாளி விரும்பிக் கட்டி, தன் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆகவே அவள் கால் வைத்து நின்ற நிலம் அவளுடையதாக இருக்கவில்லை. அதை அவள் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தா. அன்ரனின் தாய், மாமி விக்ரோறியா.

விக்ரோறியா அக்காவைக் கெட்டவ என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைப்பது சுகமான வேலை. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு கருவாடு காயவைத்து ஒற்றை மகனை ஆளாக்கியவ. பூசை தவறாதவ. பேரப்பிள்ளை ஒன்று வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் அவவுக்கு வேறு வழக்கு இல்லை. அந்த வழக்கைத்தான் அவ எங்கள் யன்னலுக்குக் கொண்டுவந்தா.

கலியாணமாகி வருசங்கள் போய்விட்டன. ஜெசிந்தாவுக்கு மாதவிடாய் நினைத்தால் வரும், நினைத்தால் மாதக்கணக்கில் வராது. உடம்பு வைத்தது. ஆம்பிளைக்குப்போல நாடியில் ரோமம் முளைத்தது. அவள் வேலை செய்தது நண்டுச் சதை பிரித்து ஏற்றுமதிக்கு அடைக்கிற இடத்தில். அங்கே எல்லோரும் தலையில் தொப்பியும் வாயில் துணியும் கட்டித்தான் வேலை செய்யவேண்டும். மற்றப் பெண்கள் புழுங்குகிறது என்று அதைக் கழற்றி வீசுவார்கள். இவள் பஸ்ஸிலும் கழற்றுவதில்லை. "எனக்குப் பிடிச்ச வேலை மிஸ், மூஞ்சையைக் காட்டத் தேவையில்லை" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

யாரோ ஒரு டொக்டர் ஆண் ஓமோனைப் பார்க்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். பெண்ணின் உடம்பிலும் அது கொஞ்சம் ஓடும். சூலகத்தில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது கூடியிருக்கலாம் என்று பார்ப்பது. இரத்தம் எடுத்தோம். முடிவை வாங்க ஜெசிந்தா வரவில்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பற்றுச்சீட்டைக் கொண்டுவருகிற கைக்கு ரிப்போர்ட். கடலுக்குப் போனவனுக்குப் பெண்சாதி வாங்குவாள், வயலில் நிற்பவனுக்குத் தம்பி வாங்குவான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. அன்றைக்கு விக்ரோறியா அக்கா வாங்க வந்தா.

"என்ன பிள்ளை போட்டிருக்கு? எனக்கு இந்த இங்கிலீசு விளங்காது."

"பயப்பிட ஒண்டுமில்லை அம்மா. எல்லாம் நோமல்."

நான் உள்ளே மிசினடியில் நின்றேன். யன்னலின் சின்னச் சதுரத்துக்குள் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் விரியவில்லை.

"நோமலோ?" என்றா. "அப்ப உடம்பில ஒரு குறையும் இல்லையோ?"

"இல்லை அம்மா."

"சரி," என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. "எனக்கு விளங்கிட்டுது."

என்ன விளங்கியது என்பது சில கிழமைகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடம்பில் குறையில்லை. பிள்ளையும் இல்லை. அப்படியென்றால் அவள்தான் தடுக்கிறாள். களவாகக் குளிசை போடுகிறாள். கத்தோலிக்க வீட்டில் அது வெறும் களவு மட்டுமில்லை, பாவம். பூசையில் நன்மை அப்பத்தை நாக்கில் வாங்க வரிசையில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்து, "எந்த வாயால வாங்கப் போறாய்?" என்று மாமி கேட்டிருக்கிறா. முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. யாரோ படித்தவர் வேறு சொல்லிக்கொடுத்திருக்கிறார்: பிள்ளை வேண்டாம் என்று மனதில் வைத்துக்கொண்டு கட்டின கலியாணத்தைத் திருச்சபை கலியாணமாகவே எடுக்காது, எழுதிக் கொடுத்தால் இல்லையென்று ஆக்கலாம் என்று. அன்ரன் வாயைத் திறக்கவில்லை. கடலில் புயலுக்கு எதிரே நிற்கிற ஆம்பிளைகள் வீட்டு வாசலில் எப்படி நனைந்த பஞ்சாகிவிடுகிறார்கள் என்பதை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஒரு நண்பகலில் ஜெசிந்தா தனியாக வந்தாள். நண்டு மணம். கண்கள் மட்டும் வெளியே.

"மிஸ், நான் குளிசை போடேல்லை."

"போட்டனீர் எண்டு நான் சொல்லேல்லையே பிள்ளை."

"உங்கட கடுதாசி சொல்லிப்போட்டுதே."

அந்த வாக்கியத்தைக் கழுவிவிட இன்னும் எனக்கு ஒரு தண்ணீர் கிடைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் வவுனியாவிலிருந்து வந்து போகிற பெண்நோயியல் டொக்டர் ஒருத்தர் இருந்தா. பெயர் வேண்டாம். தேத்தண்ணீரை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிக்கிறவ, யாரையும் தடவிக்கொடுக்கத் தெரியாதவ. அவவிடம் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய முடிவைச் சொன்னேன். டொக்டர் ஜெசிந்தாவின் நாடியையும், கழுத்தின் பின்பக்கம் படிந்திருந்த கறுப்பையும் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"மொத்தத்தைப் பாத்திட்டு நோமல் எண்டு சொல்லுறது ஆர்? கட்டி வைக்கிற புரதத்தைப் பாத்தனீங்களோ?"

அது எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லாத பரிசோதனை. எஸ்.எச்.பி.ஜி. என்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அனுப்பினோம். வந்த முடிவில் அந்தப் புரதம் இருக்கவேண்டிய அளவில் இல்லை. அடியில் கிடந்தது.

பாடப்புத்தகம் சொல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் ஜெசிந்தாவுக்குச் சொன்ன விதத்தைச் சொல்கிறேன். கடற்கரைக்காரிக்கு வேறு எப்படிச் சொல்வது?

"உங்கட துறையில வள்ளங்கள் கட்டிக் கிடக்குதெல்லே. எல்லாத்தையும் எண்ணினால் ஒரு தொகை வரும். ஆனால் கட்டிக் கிடக்கிற வள்ளம் மீன் பிடிக்காது. அவிழ்த்து விட்டதுதான் கடலுக்குப் போகும். ஆண் ஓமோனும் அப்பிடித்தான். இரத்தத்தில அதின்ர கனபங்கை ஒரு புரதம் கட்டி வைச்சிருக்கும். கட்டாமல் அலையிற பங்குதான் நாடியில மயிரை முளைக்கப் பண்ணுறது, சூலகத்தைக் குழப்புறது. முதல் நாங்கள் பாத்தது மொத்த வள்ளத்தை. தொகை சரி."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப வள்ளம் கூடேல்லை. கயிறு குறைஞ்சு போச்சு."

"ஓம்."

"கயிறு ஏன் குறைஞ்சது?"

"அதை ஈரல்தான் திரிக்கிறது. உமக்கு உடம்பில இன்சுலின் கூடி நிக்குது. அது கூடினால் ஈரல் கயிறு திரிக்கிறதைக் குறைச்சுப்போடும்."

அப்போது எனக்குள் ஒரு மகிழ்ச்சி பாய்ந்தது. மூடத்தனமான மகிழ்ச்சி; அதையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஏனென்றால் அந்த முடிவு இன்னொன்றையும் சொன்னது. பிள்ளைத்தடைக் குளிசை போடுகிற பெண்ணுக்கு அந்தக் குளிசையே ஈரலைத் தட்டியெழுப்பிக் கயிற்றை மிதமிஞ்சித் திரிக்க வைக்கும். இவள் அதைப் போட்டிருந்தால் இந்தப் புரதம் உயரத்தில் நிற்கும். இது தரையில் கிடக்கிறது. இவளுக்கு நோய் இருக்கிறது என்பதற்கும், இவள் மேல் சுமத்தியது பொய் என்பதற்கும் ஒரே சாட்சி.

"பிள்ளை, நீர் தப்பிட்டீர்!" என்றேன். "இதைக் கொண்டுபோய் மாமியின்ர முகத்தில காட்டும். டொக்டரிட்டையும் கூட்டிக்கொண்டு போம். நீர் குளிசை போடேல்லை எண்டு இரத்தமே சொல்லுது."

அவள் வாய்த்துணியைக் கீழே இறக்கினாள். அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். சின்ன முகம். சவரம் செய்த பச்சை.

"சொல்லும். அதோட நோய் பிடிச்ச வருத்தக்காரி எண்டும் சொல்லுமெல்லே மிஸ்?"

நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சீதன வீடும் இல்லாமல் வந்தவள், சூலகத்தில வருத்தத்தோட வந்தவள், அதை மறைச்சுக் கட்டினவள். அந்த வீட்டில நான் எத்தனை நாள் இருப்பன்?"

"மருந்து இருக்கு பிள்ளை. மாறும்."

"மாறுறதுக்கு முதல் என்னை அனுப்பிப்போடுவா. போக எனக்கு ஒரு இடமும் இல்லை." பிறகு, ஏதோ நண்டு விலை பேசுவதுபோல அமைதியாகச் சொன்னாள்: "பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு மிஸ். வருத்தத்துக்கு என்ன இருக்கு?"

"என்ன சொல்லுறீர்?"

"போட்டனான் எண்டு சொல்லப்போறன். பயத்தில போட்டனான், இனிப் போட மாட்டன் எண்டு காலில விழப்போறன். மாமி அடிப்பா. பிறகு மன்னிப்பா. அவவுக்கு மன்னிக்கத் தெரியும், அதைத்தான் கோயிலில படிப்பிக்கிறவை. வருத்தக்காரியை என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் அவவுக்குப் படிப்பிக்கேல்லை."

"சுவாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனத்திலயே பொய் சொல்லப்போறீரோ?"

"அதுக்கும் பிறகொருக்காப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் தானே" என்று சிரித்தாள். தாளை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். "இது எனக்கு வேண்டாம் மிஸ். நான் கேட்டிட்டன், மனசில கிடக்கும்."

சனிக்கிழமை டொக்டரிடம் கெஞ்சினேன், மாமியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விளங்கப்படுத்துங்கள் என்று. அவ ஆறின தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தா.

"நான் வருத்தத்துக்கு மருந்து எழுதுவன். மாமிமாருக்கு எழுத எனக்கு ஒரு மருந்தும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நீங்கள் சும்மா இருங்கோ."

இதுவரை யாரிடமும் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அவ சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

இனி நான் சொல்லப்போகும் இடத்தில்தான் கவனம் வேண்டும். இது உங்களுக்கும் வரும். எந்த வகுப்பிலும் இதைப் பரீட்சைக்குக் கேட்கமாட்டார்கள்.

ஜெசிந்தா சொன்னபடி செய்தாள். அடி வாங்கினாள், காலில் விழுந்தாள். ஆனால் விக்ரோறியா அக்கா கருவாட்டு வியாபாரத்தில் தலை நரைத்தவ. ஒரு நடுப்பகல் யன்னலில் வந்து நின்றா. பக்கத்தில் அன்ரன், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு. பின்னால் வாங்கு நிறையச் சனம்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லோணும். ஒரு பொம்பிளை பிள்ளைத்தடைக் குளிசை போட்டவளோ இல்லையோ எண்டு இரத்தத்தில தெரியுமோ?"

"ஏன் அக்கா கேக்கிறியள்?"

"இவள் போட்டதெண்டு ஒத்துக்கொண்டிட்டாள். கேட்ட உடன ஒத்துக்கொண்டிட்டாள், அதுதான் எனக்கு இடிக்குது. களவெடுத்தவள் இவ்வளவு கெதியில ஒத்துக்கொள்ளுவாளோ? வேற ஏதும் வருத்தத்தை மறைக்கத்தான் இப்பிடிச் சொல்லுறாளோ எண்டு எனக்கொரு ஐமிச்சம்."

அவவின் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. வாங்கில் இருந்தவர்கள் விசிறுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், கொழும்பிலிருந்து வந்த முடிவு கிடந்தது. தெரியும் அக்கா, உங்கள் மருமகள் போடவில்லை என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மை அவளை அன்று பின்னேரமே தெருவில் விடும். தெரியும், போட்டிருக்கிறாள் என்றால் பொய். அது அவளைக் காப்பாற்றும், ஆனால் என் வேலையில் நான் பொய்யான முடிவு சொன்னவள் ஆவேன். இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு பெண்ணின் பாயும் தலையணையும் கிடந்தன.

"அக்கா, அதைப் பாக்கிற மிசின் எங்களிட்டை இல்லை" என்றேன்.

உண்மை. எங்களிடம் இல்லை. கொழும்பில் இருக்கிறதோ என்று அவ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

"அப்ப இவ்வளவு சாமானையும் வைச்சுக்கொண்டு என்னத்துக்கு இருக்கிறியள்?"

வாங்கு முழுக்கச் சிரித்தது. அன்ரனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டேன். இன்றைக்கும் அந்த யன்னலில் என்னை உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டால் அதையேதான் சொல்வேன். முடிவைத் திரிக்கக்கூடாது. ஆனால் கேட்காத கேள்விக்குப் பதிலைக் கொண்டுபோய்க் கேட்காத கையில் வைக்க ஒரு சட்டமும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஜெசிந்தாவுக்கு டொக்டர் எழுதியது மெற்போமின். சீனி வருத்தக்காரருக்கு நீரிழிவுக்குக் கொடுக்கிற அதே குளிசை. இன்சுலின் தணிந்தால் ஈரல் பழையபடி கயிறு திரிக்கும். சூலகம் தன் வேலைக்குத் திரும்பும். எல்லோருக்கும் அது மட்டும் போதாது. இவளுக்குப் போதுமாயிருந்தது. ஆனால் குளிசைக்காக மூலை முடுக்கெல்லாம் சோதனை நடக்கிற வீட்டில், மெத்தையைத் தூக்கி, சேலையை உதறி, மாதா சுரூபத்தின் பின்னால்கூடக் கைவிட்டுப் பார்க்கிற வீட்டில், ஒரு குளிசையை எங்கே வைப்பது?

மாமியின் பேணியில்.

விக்ரோறியா அக்காவுக்குச் சீனி வருத்தம். ஆசுபத்திரிக் கிளினிக்கில் கொடுக்கிற மெற்போமினை ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியில் கொட்டி வைத்திருந்தா. அதை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது மருமகளின் வேலை. அதே வெள்ளை, அதே வட்டம். ஜெசிந்தா தன்னுடையதையும் வாங்கி அதற்குள்ளேயே கொட்டினாள். மாமிக்கு ஒன்று எடுத்துக் கொடுத்து, தண்ணீர்ச் செம்பை வைக்கப்போகிற வழியில் தனக்கு ஒன்று.

"மாமி, குளிசை போட்டியளோ எண்டு நான் கேப்பன் மிஸ். நான் போட்டன், நீ போடாதை எண்டு மாமி பகிடி விடுவா. வாய்க்குள்ள குளிசையை வைச்சுக்கொண்டு நானும் சிரிப்பன்."

அது கரையும்போது கொடுங்கைப்பு.

ஒரு வருசத்துக்குள் வயிற்றில் பிள்ளை தங்கியது. ஆம்பிளைப்பிள்ளை. ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் விக்ரோறியா அக்கா கேக் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டு எங்கள் யன்னலுக்கே வந்துவிட்டா.

"இந்தாங்கோ மிஸ், தின்னுங்கோ. உங்கட மிசினுக்கும் தெரியேல்லை, உங்கட டொக்டருக்கும் தெரியேல்லை. நான் கண்டுபிடிச்சன். குளிசையை நிப்பாட்டினாள், ஆண்டவர் தந்திட்டார்!"

வாங்கில் இருந்தவர்களுக்கும் கொடுத்தா. எல்லோருக்கும் கதையையும் சேர்த்துக் கொடுத்தா. நான் கேக்கைத் தின்றேன். நன்றாக நெய் விட்டிருந்தது.

பிள்ளைகளே, இங்கேயே நிறுத்தினால் இது நல்ல கதை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை நிற்கவில்லை. கேக்கோடு சேர்ந்து அது பஸ் ஏறியது. சந்தையில் இறங்கியது. கோயில் முற்றத்திலிருந்து வயல் வரம்புக்குப் போனது. கரையோர ஊர்களில் பிள்ளையில்லாத வீடுகளில் மெத்தையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். இலுப்பைக்கடவையில் தர்சினி என்று ஒரு பெண். வயல்காரக் குடும்பம், சைவர். சனிக்கிழமை டொக்டரின் நோயாளி, ஜெசிந்தாவின் அதே வருத்தம், அதே குளிசை. மருந்து பிடித்து மாதவிடாய் ஒழுங்காகி வந்துகொண்டிருந்தவள். மாமி பாக்கியம் குளிசை அட்டையைக் கண்டுபிடித்து அடுப்பில் போட்டுவிட்டா. இது அந்தக் குளிசை இல்லை என்று தர்சினி அழுதிருக்கிறாள். பாக்கியம் கேட்கவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். விடத்தல்தீவில ஒருத்தியும் கனகாலம் அப்பிடித்தான் சொன்னவளாம்."

நான் ஜெசிந்தாவைத் தேடிப் போனேன். நண்டுக் கம்பனி வாசலில், பிள்ளைக்குப் பால் கொடுக்க இடைவேளையில் வந்தவளிடம் கேட்டேன். ஊருக்குச் சொல்லவேண்டாம். இந்தப் பாக்கியத்திடம் மட்டும், போட்டது தடைக் குளிசையில்லை என்று காதோடு காதாகச் சொன்னால் போதும்.

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், நான் மன்னிச்சு விடப்பட்ட ஆள். அந்த மன்னிப்பிலதான் இவன் படுத்து நித்திரை கொள்ளுறான். அதை நான் எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?"

பிறகு வாய்த்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளைத் திட்ட எனக்குள் ஒரு சொல்லும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியாக ஒரு பகல். அதற்குப் பிறகுதான் முழங்கால் நோ.

தர்சினிக்கு மாதக்கணக்காக வராதிருந்த இரத்தம் வந்து, பிறகு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. இரத்தத்தின் அளவு பார்க்க அனுப்பியிருந்தார்கள். கூட மாமி பாக்கியம். அவவுக்குப் பக்கத்தில், வழிகாட்டியாக, விக்ரோறியா அக்கா. இப்போது அவ இந்தக் காரியத்தில் பேர் போன ஆள். ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். சாதி சமயம் பார்க்காமல் போகிறா.

"உண்மையைச் சொல்லு பிள்ளை" என்று தர்சினியின் கையைத் தடவினா. நெஞ்சிலிருந்துதான் தடவினா. "என்ர மருமோளும் சொன்னவள். சொன்னாப் பிறகுதான் எல்லாம் சரிவந்தது. குளிசையை நீயாய் நிப்பாட்டோணும். ஆரும் பறிக்கக்கூடாது."

மதியம் ஆகிவிட்டது. விக்ரோறியா அக்கா பையைத் திறந்து பணிஸ் ரொட்டியை எடுத்துத் தின்றா. பிறகு பால்மாப் பேணியை எடுத்தா.

"மிஸ், கொஞ்சம் தண்ணி தாங்கோ."

கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு வெள்ளைக் குளிசையை உள்ளங்கையில் தட்டினா. தர்சினி அதைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் விழுங்கின குளிசை யாருக்கும் அடையாளம் தெரியும்.

"அம்மா, இது என்ன குளிசை?" என்றாள்.

"இதோ? சீனிக்கு. ஒவ்வொரு நாளும் மருமோள்தான் கையில எடுத்துத் தாறவள். தங்கமான பிள்ளை. இண்டைக்கு வெளிக்கிட்டபடியால் நானே எடுக்கிறன்."

தர்சினி பேணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜெசிந்தாவை நினைத்து என் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். ஆனாலும் கல்லில் அவள் எதையோ வாசித்துவிட்டாள். அந்த வெளுத்த முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிவதைப் பார்த்தேன். தன் மாமியின் பக்கம் திரும்பினாள். குரல் தேனாக வந்தது.

"மாமி, உங்களுக்கும் இப்ப கொஞ்ச நாளாய்க் கால் எரியுது எண்டு சொல்லுறனீங்களெல்லே. வந்தது வந்திட்டம். ஒருக்காச் சீனி பாத்திட்டுப் போவமே?"

"எனக்கோ? எனக்கென்னத்துக்கு?"

"பாரும் பாக்கியம்," என்றா விக்ரோறியா அக்கா. "மருமோள் எவ்வளவு அக்கறையாய்ச் சொல்லுறாள். கையை நீட்டும்."

பாக்கியம் கையை நீட்டினா. வயலில் காய்த்துப்போன விரல். ஊசி ஏற மறுத்தது. அழுத்தி ஒரு சொட்டு எடுத்து, அந்தச் சின்ன மிசினின் நாக்கில் வைத்தேன். இலக்கம் வர எடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செய்ததை இத்தனை வருச வேலையில் ஒருநாளும் செய்ததில்லை. ஒரு மனுசிக்குச் சீனி வருத்தம் இருக்கவேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். தர்சினியும் அதையேதான் வேண்டிக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது.

இலக்கம் வந்தது.

அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் கூடத்தான் அம்மா, டொக்டரிட்டைக் காட்டுங்கோ என்று. ஒரு நல்ல உடம்புக்காரி தேவையில்லாத மருந்தை விழுங்கியிருப்பா, அந்த வீட்டு அலுமாரியிலும் ஒரு பேணி வந்திருக்கும். நாக்கின் நுனிவரை வந்தது. முடிவைத் திரிக்கக்கூடாது என்று உங்களுக்கு முன்னம் சொன்னேனே, அந்தக் கட்டையில்தான் நானும் கட்டிக் கிடக்கிறேன்.

"சீனி இல்லை அம்மா."

"அப்பிடியெண்டால் நோமலோ?"

வேறு சொல் தேடினேன். அவ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"ஓம். நோமல்."

பாக்கியத்தின் முகம் விரிந்தது. "பாத்தியோ?" என்று மருமகளின் தோளில் தட்டினா. "என்ர உடம்பில ஒரு குறையும் இல்லை. வயல்ச் சோறு!" விக்ரோறியா அக்காவும் சிரித்துக்கொண்டு மூடியை இறுக்கி, பேணியைப் பைக்குள் வைத்தா. பஸ் வந்துவிட்டது என்று யாரோ வெளியே கத்தினார்கள். இரண்டு பேரும் எழும்பிப் போனார்கள். தர்சினி மட்டும், அந்தப் பேணி போன பையைப் பார்த்தபடி, வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் நின்றாள்.